பாப்லர் கன்று பிழைக்கும் வழி

நட்ட கன்றெல்லாம் மரமாவதில்லை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் உழவர்கள் கோதுமை வயல்களில் பாப்லர் மரத்தையும் வளர்க்கின்றனர். அமெரிக்காவிலிருந்து வந்த இம்மரம் 6 முதல் 8 ஆண்டுகளில் முதிர்ந்து, தீக்குச்சிக்கும் ஒட்டுப்பலகைக்கும் உதவுகின்றது.

ஒரு சாண் நீளமுள்ள தண்டுத் துண்டை நாற்றங்காலில் ஊன்றினால், ஓராண்டில் அது ஆளுயரத்தையும் கடந்து வளர்ந்துவிடும். இலையுதிர்ந்து உறங்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அதனைத் தோண்டியெடுத்து வயலில் நடுவர். தோண்டும்போதே வேர்களிற் பெரும்பகுதி அறுந்துபோகின்றது. புதுவேர் ஓடும்வரை தண்டில் தேங்கிய நீரே அதன் உயிர்.

ஆதலால் நடுமுன் ஓரிரு நாள் கன்றின் அடிப்பகுதியை நீரில் அமிழ்த்தி வைக்கின்றனர். பிறகு துளைக்கருவியால் 1 மீட்டர் ஆழத்துக்குக் குழியிட்டு நடுகின்றனர். மேல்மண் காய்ந்தாலும் அடிமண்ணில் ஈரம் நிற்கும். காற்றடித்தாலும் கன்று சாயாது. குழியில் காற்று தங்காதபடி மண்ணை இறுக்கி, உடனே நீர் பாய்ச்சுதல் வேண்டும்.

வெயிலில் கிடந்து உலர்ந்த கன்று, கண்ணுக்குப் பசுமையாகத் தோன்றினும் நடுமுன்பே உயிரிழந்திருக்கலாம். அந்த ஒருநாள் அசட்டை, உழவனின் பல்லாண்டு நம்பிக்கையைப் பறித்துவிடும். கன்றின் வாழ்வு, குழியில் இறங்குமுன்னரே முடிவாகிவிடுகின்றது.