அயல்நாட்டுப் பாடசாலையும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



உத்தியோகத்தின் பொருட்டுக் குடும்பத்தோடு சிங்கப்பூருக்குச் செல்வோர் நம்மவருள் பலர். சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு என்று விசாரிக்கின்றனரேயன்றிப் பிள்ளையின் படிப்பு யாதாகும் என்று முன்கூட்டி விசாரிப்பவர் சிலரே. யாமும் அவ்வாறே சென்றோம். அதனால் அடைந்த அனுபவத்தை எடுத்துரைக்குமாறு காரியதரிசி அவர்கள் பணித்தமையால் இங்கு நிற்கின்றோம்.

அந்நாட்டு அரசாங்கப் பாடசாலையில் இடம் பெறுதல் பணம் கட்டியவுடன் கைகூடும் காரியமன்று. 2003ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள கட்டாயக் கல்விச் சட்டம் அந்நாட்டுப் பிரஜைகளான பிள்ளைகளுக்கே உரியது. பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கொடுத்தது போக எஞ்சும் இடங்களே நம் போன்றோர்க்கு. இடை வகுப்பில் சேர விரும்பும் அயல்நாட்டுப் பிள்ளை, ஏ.இ.ஐ.எஸ். என்னும் பரீட்சையில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேற வேண்டும். தொடக்கப்பள்ளியில் 2 முதல் 5 வரையிலும், உயர்நிலைப் பள்ளியில் 1 முதல் 3 வரையிலுமுள்ள வகுப்புகளுக்கே அது நடைபெறுகிறது. தேறினும் பள்ளியைத் தெரிந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை. கல்வி அமைச்சே காலியிடம் நோக்கி ஒதுக்கும். பள்ளி ஆண்டும் ஜனவரியில் தொடங்குவது. நம் ஜூன் மாதக் கணக்கு அங்கே செல்லாது.

எம் புதல்வி மும்பையில் 5ஆம் வகுப்பில் முதலாக நின்றவள். 2019ஆம் ஆண்டு ஜனவரியில் அவளைச் சிங்கப்பூரில் 4ஆம் வகுப்பில் சேர்த்தார்கள். எமக்கு அது பெரும் அவமானமாகத் தோன்றிற்று. ஊரிலுள்ள உறவினரிடம் அதனை மறைத்தோம். ஒருநாள் குழந்தை, "அப்பா, நான் என்ன தப்புச் செய்தேன்? பாட்டியிடம் ஐந்தாவது என்று ஏன் சொல்லச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். விடை கூற இயலாது தலை குனிந்தோம். அன்றே எம் தாயாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டோம்.

இதனினும் பெரிய வெட்கம் தமிழால் வந்தது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. 6ஆம் வகுப்பின் முடிவில் நிகழும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்பவற்றோடு தாய்மொழியும் ஒரு பாடம். யாமோ, வீட்டில் பேசினால் போதும் என்றெண்ணி, அவளுக்குத் தமிழெழுத்தே கற்பியாதிருந்தோம். தமிழுக்குப் பதிலாக இந்தியை எடுக்க வழியுண்டு என்று நண்பர் சிலர் யோசனை கூறினர். எம் தாயாரோ, "என் பேத்தி எனக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுத மாட்டாளா?" என்றார். அச்சொல்லுக்குப் பின் வேறு யோசனைக்கு இடமில்லை. கடல் கடந்து சென்ற பின்னரே எம் மகள் அரிச்சுவடி பயின்றாள். சிறு பிள்ளைகளோடு அமர்ந்து படிக்க அவள் கூசவில்லை.

அவள் தேர்வெழுதிய 2021ஆம் ஆண்டில்தான் புதிய மதிப்பீட்டு முறை முதன்முதலாக வந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை நிலைகள் உண்டு. நான்கின் கூட்டுத்தொகை 4 முதல் 32 வரை அமையும். தொகை குறையக் குறைய மேன்மை. தமிழில் அவள் 3ஆம் நிலை பெற்றாள். பாட்டிக்கு முதற்கடிதம் அதற்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது.

பின்னும் இரண்டு செய்திகள் அறியத்தக்கன. உயர்நிலைப் பள்ளியில் மாணவரை மூன்று பிரிவாக வகுக்கும் பழைய ஏற்பாடு, 2024ஆம் ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்தோர் தொடங்கி நீக்கப்பட்டது. பாடந்தோறும் பிள்ளையின் திறனுக்கேற்ற நிலையில் பயிலலாம். ஆதலின் பழைய பிரிவுகளைக் குறித்த அச்சத்தைக் கேட்டு மயங்கற்க. இரண்டாவது, தந்தையின் வழியாக நிரந்தரவாசம் பெறும் ஆண்பிள்ளை, பருவம் வந்ததும் இரண்டாண்டு தேசிய சேவை புரியக் கடமைப்பட்டவன். அச்சேவையைச் செய்யாது நிரந்தரவாசத்தைத் துறந்தால், பிற்காலத்தில் அங்கே படிப்போ உத்தியோகமோ தேடுங்கால் அது தடையாகக்கூடும். விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் பெற்றோர் இதனை ஆலோசித்தல் வேண்டும்.

நம் சங்கத்துக்கு எமது விண்ணப்பம் இதுவே. அயல்நாட்டில் வாழும் அங்கத்தினருள் வழிகாட்ட இசைவோரின் ஜாபிதா ஒன்று தயாரித்தல் வேண்டும். புறப்படவிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, நம் சங்கக் கட்டிடத்திலேயே ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துதல் வேண்டும். இவற்றுக்குப் பெரும் பொருள் தேவையில்லை, மனமே தேவை.

வகுப்பு ஒன்று குறைவதால் குலத்துக்கு இழுக்கில்லை. பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்குவதே இழுக்கு. இதனை யாம் பட்டறிந்தோம். நீங்கள் கேட்டறிந்து கொள்ளுங்கள்.