ஏழூர் வழியும் இளவேனிற் பூவும்

திருச்சிற்றம்பலம்.

 

நாளை சித்திரை விசாகம். விடியலில் ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் பல்லக்கில் எழுந்தருள, பங்குனியில் திருமழபாடியிலே மணங்கொண்ட நந்தியெம்பெருமானும் சுயசாம்பிகையும் உடன்வர, ஏழூர்த் திருவிழா தொடங்குகின்றது. திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் எனும் ஆறு தலங்களையும் கண்டு, ஏழாவதாகத் திருவையாற்றுக்கே பெருமான் மீண்டருளுவான். அந்த ஆறு தலங்களின் பெருமையையும் நேற்றுவரை விரிவாகக் கேட்டீர்கள். தலங்களுக்கு இடைப்பட்ட வழியைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. ஆதலின் இன்று அடியேன் அதனையே எடுத்துக்கொண்டேன்.

பழனம் கனி தந்தது, சோற்றுத்துறை அன்னம் தந்தது, வேதிகுடி வேதியரை அனுப்பியது, நெய்த்தானம் வேள்விக்கு நெய் தந்தது என்று நந்தி திருமணத்துக்கு ஊர்தோறும் வந்த சீரைச் சொல்வார்கள். பூந்துருத்தி தந்தது மலர். துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை. இருமருங்கும் நீர் சூழ நடுவே திட்டாக நிற்கும் நிலம். காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடைப்பட்ட அத்திட்டிலே பூ மிகுந்திருந்தமையால் அது பூந்துருத்தி ஆயிற்று. அப்பர் பெருமான் திருமடம் அமைத்துத் தங்கியதும் அவ்வூரிலேதான். நந்தவனம் வைத்துத்தான் அந்தப் பூ வந்ததா? ஆற்றங்கரையில் தானே பூத்த பூவும் அதில் உண்டல்லவா?

நம் பெருமான் சூடும் மலர்களை எண்ணிப் பாருங்கள். கொன்றை, எருக்கு, தும்பை, ஊமத்தை. விலை கொடுத்து வாங்குவார் இல்லாத பூக்கள். வேலியோரத்திலும் மேட்டிலும் மணலிலும் தாமே முளைத்துத் தாமே மலர்பவை. அவற்றைத் தன் முடிக்கு உரியனவாக அவன் கொண்டான். நாளை நாம் நடக்கப்போகும் வழி, அவனுடைய பூக்கூடை என்க.

அவ்வழியில் முதலிற் காண்பது மருதம். வெண்மை படர்ந்த வழுவழுப்பான அடிமரமும், நீரை நோக்கிச் சாய்ந்த கிளையுமாக நிற்கும். வயலும் வயல் சார்ந்த நிலமும் பெயர் பெற்றது இம்மரத்தால்; இடைமருதூரிலே தலமரமும் இதுவே. சித்திரையில் இது பூப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பூ அவ்வளவு சிறிது. வெளிர்மஞ்சட் கதிராகத் தொங்கும். கண்ணுக்குத் தெரியுமுன் மணத்தால் தெரியும். அடியில் நின்று செவி கொடுத்தால் மரம் முழுதும் தேனீயின் ஒலி கேட்கும். புங்கமோ பங்குனியிலேயே தளிர்த்துப் பூத்து, நெற்பொரி இறைத்தாற்போல நிழலெல்லாம் உதிர்த்துவைக்கும். இலுப்பைக்குக் கணக்கு வேறு. மாசி பங்குனி இரவுகளில் அதன் பூவைத் தேடிப் பழந்தின்னி வௌவால்கள் வரும். அவை வந்து போவதனாலேயே காய் பிடிக்கும். திருக்கோயில் விளக்கில் எரிந்த இலுப்பையெண்ணெய்க்கு, நாம் அருவருக்கும் அந்த வௌவாலும் ஒரு திருப்பணியாளன் என்று சொன்னால் மிகையாகாது.

இனிக் கொன்றை. இக்காலத்தில் சாலையோரம் செக்கச்செவேல் எனப் பூக்கும் மயிற்கொன்றையைக் காட்டி, இதுதானே சுவாமி சூடுவது என்று கேட்கிறார்கள். அது மடகாசுகர்த் தீவிலிருந்து வந்த மரம். நல்ல மரந்தான், நிழல் தரும். ஆனால் அது வேறு. பெருமான் அணிவது சரக்கொன்றை. வேனிலில் இலையெல்லாம் உதிர்த்து, பொன்மாலைகளைத் தொங்கவிட்டாற்போல நிற்கும். ஒரு பூவை எடுத்து உற்றுப் பாருங்கள். உள்ளே மகரந்தத் தாள்கள் பத்து. அவற்றுள் மூன்று மட்டும் நீண்டு வளைந்திருக்கும். இப்பூவில் தேன் இல்லை, வண்டுக்கு மகரந்தமே உணவு. மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு உடல் அதிர முரலும். அந்த அதிர்விலே பூந்தாது சிதறும். குட்டைத் தாளின் தாது வண்டின் பசிக்கு. நீண்ட தாளின் தாது அதன் முதுகிலும் விலாவிலும் ஒட்டி அடுத்த மரத்துக்குச் செல்லும். தன் உணவுக்காக வந்த வண்டு, தான் அறியாமலே மரத்தின் குலத்தைக் காக்கின்றது. முரலும் வண்டு கொன்றையில் மொய்ப்பதைப் புலவர்கள் காலங்காலமாகப் பாடியிருக்கிறார்கள். அந்த முரற்சிக்கு இத்தனை பெரிய பயன் இருக்கின்றது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். திருவிழா வழியில் அன்பர் சிலர் கொன்றைக் கிளையையே ஒடித்துத் தோளில் சார்த்திக்கொண்டு நடக்கின்றனர். பக்திதான். ஆயினும் நண்பகலுக்குள் அது வாடித் துவண்டு வழியிலேயே எறியப்படுகின்றது. பெருமான் முடிக்குப் போனதுமில்லை, காயாகி விதையானதுமில்லை. திருப்புகலூர் முருக நாயனார் மலர் பறித்த முறையைச் சேக்கிழார் பெருமான் எடுத்துரைக்கிறார். கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகையையும் வைகறையில் எழுந்து, மலரும் பருவத்திற் கொய்து, வெவ்வேறு கூடையில் இட்டார் அந்த அடியார். எங்கும் அவர் கிளை ஒடித்ததாகச் செய்தி இல்லை. கைக்கு எட்டியதை, பூசைக்கு வேண்டிய அளவு கொய்யுங்கள். மரத்திலே எஞ்சி நிற்கும் பூவை, பல்லக்கு அதன் கீழே செல்லும்போது பெருமானே ஏற்றுக்கொள்வான்.

அடுத்து மணல். 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை எழுந்த பின்னர், ஆண்டுதோறும் சூன் 12-இல் நீர் திறப்பதே வழக்கமாக வைத்த நாள். மழையையும் அணையின் இருப்பையும் பொறுத்து அது முன்பின் ஆவதுண்டு. எப்படியாயினும் சித்திரையில் நாம் காண்பது பெரும்பாலும் வெண்மணற் காவிரியே. வறண்ட ஆறு என்று சொல்லிக் கடந்து விடுகிறோம். அந்த மணலின் மேல் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கும் காலம் இது. கூடு என்று ஒன்று கட்டாது. மணலில் சிறு குழி. அதில் பெரும்பாலும் நான்கு முட்டை, கூர்நுனிகள் உள்நோக்கி இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த புள்ளிகளால் கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் வேறுபாடு தெரியாது. சேவலும் பெட்டையும் மாறிமாறி அமர்ந்து ஏறத்தாழ நான்கு வாரம் காக்கும். உச்சிவெயிலில் முட்டை வெந்துபோகும் அல்லவா? அப்பறவை அருகிலுள்ள நீருக்குப் போய் வயிற்றிறகை நனைத்து வந்து, ஈரத்தோடு முட்டைமேல் அமரும். யார் கற்பித்தார்? நாம் நெருங்கினால் அது தலைக்கு மேலே வட்டமிட்டுக் கதறும். அக்கதறலைச் சகுனம் என்று நின்று பார்ப்பவர் உண்டு. சகுனமன்று, என் பிள்ளையை மிதித்துவிடாதே என்னும் விண்ணப்பம்.

அப்பர் பெருமான் கயிலை காணப் புறப்பட்ட வரலாறு நீங்கள் அறியாததன்று. காசிக்கும் அப்பால் நடந்து, கால் தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, உடல் சிதைந்த நிலையிலும் மீள மறுத்தார். இறைவன் பணித்த பொய்கையில் மூழ்கினார். எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். எழுந்தவர் கண்டது என்ன? பிடியோடு வரும் களிறு, பெட்டையோடு கோழி, குயில், மயில், ஏனம், கலைமான், நாரை, கிளி, நாகோடு வரும் ஏறு. யாவும் இணை இணையாக. நான்காம் திருமுறையில் உள்ள அந்தப் பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு ஓர் உயிரினம் தன் துணையோடு வருகின்றது. நிலைத்து நிற்பனவும் இயங்கித் திரிவனவும் ஆகிய எல்லாமே சத்தியும் சிவமுமாய்த் தோன்றின என்பது பெரியபுராணம் காட்டும் பொருள். இமயத்தில் கிடையாத கயிலைக் காட்சி அவருக்கு இந்த ஐயாற்றிலே, உயிரினங்களின் வடிவிலே கிடைத்தது. அவ்வாறாயின், மணலில் முட்டை காக்கும் அந்தச் சேவலும் பெட்டையும் அக்காட்சிக்குப் புறம்பா?

மடுக்களில் எஞ்சிய நீரை நம்பிக் காவிரியில் நீர்நாய் வாழ்கின்றது. குட்டிகளோடு குடும்பமாகத் திரியும். கரையின் வேர்ச்செறிவிலும் கோரைப்புதரிலும் அளை அமைக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் காக்கின்றது. ஆனால் சட்டம் காக்கும் விலங்குக்கு வாழ மணலும் கரையும் வேண்டுமே! ஆற்றில் பல இடங்களில் மணலை அளவின்றி அள்ளியதால் படுகை ஆழ்ந்தது, கரை சரிந்தது, கோடையிலும் கைப்பள்ளத்தில் ஊறிய ஊற்று இல்லாமற் போயிற்று. சீர் கொடுத்த ஆற்றையே நாம் சூறையாடினால், மறுபடி மணவிழா ஊர்வலம் எதன்மேல் நடக்கும்?

நாளைக்கு அடியேன் கேட்பது சிறிதுதான். ஆற்றைக் கடக்கும்போது பல்லக்குத் தூக்கிகள் செல்லும் தடத்திலேயே பின்தொடருங்கள். மணல் முழுதும் பரவி நடக்க வேண்டா. இளைஞர் இருவர் முன்னே சென்று, ஆட்காட்டி கதறும் இடங்களில் குச்சி நட்டு ஒரு நூல் கட்டிவிட்டால் கூட்டம் விலகிப் போகும். வாணம் விடுவோர் மருதமரத்துக்குக் கீழே விடாதீர்கள். மேலே தேனடை இருக்கும், பின்னர் ஓட்டமெடுப்பது நீங்கள்தாம். நீர்மோர் அருந்தும் குவளைகளை மணலில் எறியாமல் பந்தலிலேயே விட்டுச் செல்லுங்கள்.

நெய்த்தானம் கடந்து மறுநாள் பல்லக்குகள் இங்கே வந்து சேரும்போது, பொம்மை ஒன்று பெருமான்மேல் பூச்சொரியும் காட்சியைக் காணத் தேரடியில் கூடுவீர்கள். குழந்தைகளை முன்னே நிறுத்துங்கள். பின்னால் நின்றால் அவர்களுக்குத் தெரியாது.

திருச்சிற்றம்பலம்.