எழுதியது அச்சேறும் வரை
(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எழுத்தும் பிரசுரமும் பற்றிப் பேசுமாறு செயலாளர் கேட்டிருந்தார். இலக்கியத்தின் இலட்சணம், நாவலின் தோற்றம் என்றெல்லாம் பேசுவதற்கு என்னிலும் வல்லார் பலர் இருக்கின்றனர். நான் பேச எண்ணி வந்தது வேறொன்று. இரண்டு கிழமைக்கு முன் இவ்வூர் இளைஞர் ஒருவர் என் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். அன்று நான் சரியாக விடை சொல்லவில்லை. இன்று சொல்லிப் பார்க்கப் போகிறேன்.

அவருக்கு வயது இருபத்துமூன்று. பிறந்தது இடம்பெயர்ந்த கொட்டிலில், வளர்ந்தது இங்கே. பகலிற் களப்புத் தொழில். விடியுமுன் வலை தூக்கி, இறாலைத் தரம் பிரித்து வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, மத்தியானத்தில் வலை பொத்தி, பொழுதுபட்ட பின் எழுத உட்காருகிறார். கண்ணை நித்திரை அழுத்தும். விளக்குக்குப் பூச்சி வரும். "உனக்கு என்னடா, நீ கதாசிரியன்" என்று சிநேகிதர்கள் கேலி செய்வர். இவ்வாறு மூன்று வருஷத்தில் பதினொரு சிறுகதைகள் எழுதியிருக்கிறார். அவற்றுள் ஐந்தைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. திரும்பி வந்திருந்தாற்கூட ஆறுதலாக இருந்திருக்கும் என்றார். பின்னர், தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்:

"மாஸ்ரர், அம்மான்ரை சங்கிலியை ஈடு வைச்சால் முந்நூறு புத்தகம் அடிக்கலாம். அம்மா ஓமெண்டிட்டா. அடிக்கட்டோ?"

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால் அந்தச் சங்கிலியின் கதை எனக்குத் தெரிந்த கதை. அதற்கு முன்னால் வேறொரு கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பத்தொன்பது வயதாயிருந்தபோது எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றில் ஏழு கதைகள் எழுதி, வீட்டுக் கூரையின் இறப்பிலே தகப்பனார் கண்ணிற் படாதவாறு செருகி வைத்திருந்தேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை கதை எழுதினால் எந்தத் தகப்பன் பொறுப்பான்? 1984 டிசம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். இங்கிருக்கும் பெரியோர்களுக்கு அதைப்பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கையில் அகப்பட்ட அரிசியும் தாயாரின் தகரப் பெட்டியும் எங்களோடு வந்தன. கொப்பி இறப்பிலேயே இருந்துவிட்டது. திரும்பவும் இந்த மண்ணை மிதிக்கக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அப்போது வீடு நின்ற இடத்திலே காடு நின்றது.

முள்ளியவளையில் உறவினர் வளவில் இருந்த நாட்களில் அந்த ஏழு கதைகளையும் நினைவிலிருந்து எழுதப் பார்த்தேன். இரண்டைத்தான் எழுத முடிந்தது. ஏன் அந்த இரண்டு மட்டும் என்று வெகுநாள் எனக்கு விளங்கவில்லை. அவை மற்றவற்றிலும் சிறந்தவை அல்ல. தகப்பனார் தொழிலுக்குப் போன இரவுகளில் தாயாருக்கும் பெரியம்மாவுக்கும் அவ்விரண்டையும் வாசித்துக் காட்டியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். தாயார் இரண்டாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். ஆயினும் நான் மறந்த வசனங்களை அவரே எடுத்துக் கொடுத்தார். "அவன் வள்ளத்தைக் கட்டிப்போட்டுப் பேசாமல் நிண்டான் எண்டெல்லோ எழுதினனீ" என்பார். ஆம், அப்படித்தான் எழுதியிருந்தேன். ஒருவருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்த ஐந்தும் போயின. காதுக்குப் போன இரண்டும் பிழைத்தன. அவற்றுள் ஒன்றுதான் சில வருஷங்களின் பின் ஒரு ஞாயிறு இதழில் வந்த என் முதற் கதை.

ருஷ்ய நாட்டுச் செக்கோவ் வைத்தியம் படித்த காலத்தில் நகைச்சுவை வார இதழ்களுக்குக் குட்டிக் கதைகள் எழுதிக் குடும்பத்தைத் தாங்கினார் என்று படித்திருக்கிறோம். நம்மிடையே கதை எழுதிக் குடும்பத்தைத் தாங்கியவரை நான் கண்டதில்லை. குடும்பம் கதையைத் தாங்கியதைத்தான் கண்டிருக்கிறேன்.

இனிச் சங்கிலிக்கு வருவோம். 2013இல், ஊர் திரும்பிய உற்சாகத்தில், பன்னிரண்டு கதைகளைச் சேர்த்து ஒரு தொகுதி போட ஆசைப்பட்டேன். ஈழத்திலே கதை எழுதுபவனுக்குப் பதிப்பாளன் பெரும்பாலும் அவனேதான். எழுதுவதும் அவன், கடன் வாங்குவதும் அவன், சைக்கிளிற் கட்டி விற்பதும் அவன். மனைவியின் சங்கிலி வங்கிக்குப் போனது. ஐந்நூறு பிரதிகள் அச்சாகின. வெளியீட்டு விழா வைத்தோம். நம்முடைய வெளியீட்டு விழாக்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பெரியார் கடித உறையோடு வந்து பெற்றுக்கொள்வார். சிறப்புப் பிரதிகளை இன்னும் பலர் பெறுவர். உறைக்குள்ளே உள்ளது புத்தகத்துக்குக் கொடுத்த விலையன்று. நம்மீது வைத்த அன்பு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பை வாசிப்பு என்று நான் எண்ணிக்கொண்டேன். அதுதான் பிழை.

விழாவில் 130 பிரதிகள் போயின. ஒரு கடையில் 50 பிரதிகள் கொடுத்தேன். இரண்டு வருஷத்தின் பின் 41 திரும்பி வந்தன. இதற்கிடையில் ஒரு வேடிக்கை. புத்தகம் பதினாறு பக்கம் கொண்ட பாரங்களாக அச்சாகிக் கட்டப்படும். கட்டியவர்கள் நாலாம் பாரத்தை இரண்டு தடவை வைத்து, ஐந்தாம் பாரத்தை விட்டுவிட்டார்கள். 64ஆம் பக்கம் முடிய மறுபடியும் 49ஆம் பக்கம் வரும். 65 முதல் 80 வரை இல்லை. எல்லாப் பிரதியிலும் அப்படியே. முதலில் என் தலை சுற்றியது. பின்னர் பார்த்தால், அதைப்பற்றி எனக்கு எழுதியவர் ஒரேயொருவர். வவுனியாவிலிருந்து ஒரு பெண்மணி, அந்தக் கதை எப்படி முடிகிறது என்று கேட்டு எழுதினார். ஐந்நூறு பிரதிக்கு 64ஆம் பக்கத்தைத் தாண்டிய ஒருவர்! மீதியைக் கறையான் வாசித்தது. சங்கிலி மீண்டு வர இரண்டரை வருஷமாயிற்று. அந்த நூல் இன்று இணைய நூலகத்தில் பக்கப் படங்களாக இருக்கிறது, அந்தப் பதினாறு பக்கமும் இல்லாமலே.

"அப்படியானால் புத்தகமே போடக் கூடாதா?" என்று கேட்பீர்கள். போடலாம். நம் மாவட்டத்திலேயே போட்டுக் காட்டியவர் இருக்கிறார். நாயாறு தாண்டிக் குமுளமுனைப் பக்கம் போனால் தண்ணிமுறிப்பு. அந்தக் காட்டோரத்துக் குடியிருப்பைக் களமாகவும், பதஞ்சலி என்னும் வெள்ளை மனப் பெண்ணை நடுவாகவும் வைத்துத் தண்ணீரூற்றைச் சேர்ந்த அ. பாலமனோகரன் எழுதிய நாவல் "நிலக்கிளி". 1973இல் வீரகேசரி பிரசுரமாக வந்தது. சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. அந்தக் காலத்தின் நிலைமையையும் நாம் அறிய வேண்டும். 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. நம்மவர் எழுத்துக்கு வாசகர் காத்திருந்தனர். ஒரு பெரிய பத்திரிகை நிறுவனம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை அச்சிட்டு, பத்திரிகை போகும் ஊரெல்லாம் அனுப்பியது. ஆசிரியர் சங்கிலி ஈடு வைக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காலம் போய்விட்டது. அதை நினைத்து ஏங்கிப் பயனில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் பட்டணத்தைப் பற்றி எழுதவில்லை. வன்னிக் காட்டையும் குளத்தையும் அங்குள்ளவர் பேச்சையும் எழுதினார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தவர்கள் அதைத் தேடி வாசித்தனர். நம் களப்பு 1951இல் பறவைகளின் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இங்கு வரும் பறவைகளைப் பற்றி வெளியூரார் எழுதுகின்றனர். இங்குள்ள மனிதரைப் பற்றி நாமல்லவா எழுத வேண்டும்?

இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்திலே தொழில் செய்துகொண்டு எழுதியவர். அவருடைய "தண்ணீரும் கண்ணீரும்" 1960இல் வந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. அதன் பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1966 ஆகஸ்டில் "மல்லிகை" சஞ்சிகையைத் தொடங்கி, இதழ்களைக் கையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் அது வந்தது. எத்தனையோ பேரின் முதற் கதை அதிலே வந்தது. வாசகன் வீடு தேடி வருவான் என்று அவர் காத்திருக்கவில்லை. வாசகனிடம் நடந்து போனார்.

அதற்கு முன்னும் அப்படித்தான். சுன்னாகத்தில் நா. பொன்னையா 1930இல் தொடங்கிய "ஈழகேசரி" இளைஞர்களை எழுதப் பழக்கியது. 1946இல் வந்த "மறுமலர்ச்சி" சில இதழ்களோடு நின்றபோதும் அதன் பெயரால் ஒரு தலைமுறையே அழைக்கப்படுகிறது. 2000இல் தோன்றிய "ஞானம்", 2007இல் அல்வாயிலிருந்து வந்த "ஜீவநதி" ஆகியனவும் புதியவர்களுக்கு இடங்கொடுத்தவை. முதலிற் சஞ்சிகை, பின்னரே புத்தகம் என்பதே நம் எழுத்தாளர் பலர் நடந்த பாதை.

ஆகவே அந்தத் தம்பிக்கும், அவரைப்போன்ற தம்பி தங்கையருக்கும் தொழில் முறையிற் சில வார்த்தைகள். அனுப்பிய கதைக்குப் பதில் வரவில்லை என்றால் கதை கூடாது என்று பொருளல்ல. பத்திராதிபரின் மேசையை நான் பார்த்திருக்கிறேன். அவர் ஒருவரே வாசிப்பவர், திருத்துபவர், சந்தா சேர்ப்பவர். எந்தக் கதை, எங்கே, என்றைக்கு அனுப்பினோம் என்று ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். மூன்று மாதம் பாருங்கள். பிறகு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அப்போதும் பதில் இல்லையானால், இனி அதை வேறிடத்துக்கு அனுப்புவதாக அறிவித்துவிட்டு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே வேளையில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் மூடிவிடும். பிரதி வைத்துக்கொள்ளாமல் எதையும் கைவிடாதீர்கள். கொப்பியை இழந்தவன் சொல்லுகிறேன். அனுப்பும் சஞ்சிகையை முதலில் வாங்கி வாசியுங்கள். வாசிக்காத இதழுக்கு எழுதுவது ஆளறியா வீட்டுக்குக் கலியாணம் பேசப் போவது போன்றது.

காகித விலையையும் நினையுங்கள். 2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திலே பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. பரீட்சைத் தாளுக்கே அந்தக் கதியென்றால் நம் கதைத் தாளுக்குச் சொல்ல வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் முன்னர் வாசித்துக் காட்டுங்கள். நம் முன்னோர் நூல் செய்தால் அவையிலே அரங்கேற்றினார்கள். ஏடு பெருகியது அதன் பின்னர். நம் கோயில்களிற் புராண படனம் நடக்கிறது; ஒருவர் வாசிப்பார், ஒருவர் பயன் சொல்வார், ஊர் கேட்டிருக்கும். கதையை அப்படிக் கேட்பதற்கு நமக்குப் புதிதாகப் பழக வேண்டியதில்லை.

போன ஞாயிறு அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இருந்து ஒரு கதையை வாசிக்கச் சொன்னேன். தாயார் அடுப்படியிலிருந்து வந்து கதவு நிலையிற் சாய்ந்து நின்றார். முதன்முறையாக மகனுடைய கதையைக் கேட்கிறாராம். சங்கிலியைத் தர ஒப்புக்கொண்டவர், கதையை அதுவரை கேட்டதில்லை! நல்ல கதை. நடுவிலே பூரண நிலவில் வலை நிறைய இறால் படுகிற ஒரு கட்டம் வந்தது. தாயார் குறுக்கிட்டார்.

"முழு நிலவிலை எந்தக் களப்பிலையடா இவ்வளவு இறால் பட்டது? கொப்பர் உயிரோடை இருந்தால் சிரிப்பார்."

தம்பி திகைத்துப் போனார். தினந்தோறும் வலை தூக்குகிறவர், எழுத உட்கார்ந்ததும் தன் தொழிலை மறந்து, எங்கோ வாசித்த நிலவை எழுதிவிட்டார். அன்றிரவே அந்தக் கட்டத்தை அமாவாசைக்கு மாற்றினார். இருட்டிலே நடப்பதாக எழுதியதும் கதையின் முடிவும் தானாக மாறிவிட்டது என்று மறுநாள் வந்து சொன்னார்.

சங்கிலியைப் பற்றித் தாயார் முன்னிலையிலேயே சொல்லிவிட்டேன்: "இப்ப வேண்டாம் தம்பி. அது அம்மான்ரை கழுத்திலை கிடக்கட்டும். பதினொரு கதையிலை ஐஞ்சு சஞ்சிகையிலை வரட்டும். அப்பவும் உனக்கு ஆசை இருந்தால் நானே உன்னோடை அச்சகத்துக்கு வாறன், பாரம் எண்ணிப் பார்க்க." அவருக்கு அது முழுச் சம்மதமில்லை. முகத்திலே தெரிந்தது. எனக்கும் அந்த வயதில் யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனோ தெரியாது.

அவர் இந்த மண்டபத்தின் பின்வரிசையில், மடித்த தாள்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருக்கிறார். தாயாரும் வந்திருக்கிறார். எனக்குத் தந்த நேரத்தில் இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறதாகத் தலைவர் சைகை காட்டுகிறார். அந்தப் பத்து நிமிஷத்தையும் தம்பிக்குக் கொடுக்குமாறு தலைவரை வேண்டிக்கொண்டு அமர்கிறேன். வாரும் தம்பி.