முன்சில்லா, நான்கு சில்லா?

மின்சாரக் கார் வாங்குவதென்று முடிவெடுத்து விற்பனை நிலையத்துக்குப் போனால், என்ன நிறம் வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி வரும்: 'ஃபிரண்ட் வீலா, ஓல் வீலா?' ஒன்ராறியோவில் எங்கள் ஆட்களுக்கு அதற்கான பதில் நாக்கு நுனியில் நிற்கும். பனி கொட்டுகிற நாடு, பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற கார், நான்கு சில்லும் சேர்ந்து இழுத்தால் நல்லதுதானே? கூடுதலாகச் சில ஆயிரம் டொலரைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருகிறோம். அந்தச் சில ஆயிரம் டொலரைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன்.

பெற்றோல் காரில் நான்கு சில்லையும் இயக்குவதென்றால் முன்னால் இருக்கிற ஒரே எஞ்சினின் வலுவை, காரின் அடியால் ஓடும் நீண்ட தண்டு ஒன்றினூடாகப் பின்னுக்குக் கடத்த வேண்டும். மின்சாரக் காரில் அந்தத் தண்டுக்கு வேலையில்லை. முன்சில்லுகளுக்கு ஒரு மோட்டார், பின்சில்லுகளுக்கு இன்னொரு மோட்டார், இரண்டுக்கும் நடுவே வயரும் கணினியும் மட்டும்தான். ஒரு சில்லு வழுக்கத் தொடங்கினால் கணினி அதைக் கண் இமைக்கும் நேரத்துக்குள் பிடித்து, பிடிப்புள்ள பக்கத்துக்கு வலுவை மாற்றிவிடும். இந்த விஷயத்தில் மின்சார ஓல் வீல் பழைய பெற்றோல் ஓல் வீலைவிடக் கெட்டிக்காரன். அதை மறுக்க முடியாது.

இந்த யோசனை புதியதுமல்ல. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில், இளைஞராக இருந்த ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த மின்சாரக் கார் ஒன்று நின்றது. அதன் முன்சில்லுகள் இரண்டுக்குள்ளும் மோட்டார்கள் இருந்தன. அதே காலத்தில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் கேட்டார் என்பதற்காக, நான்கு சில்லுக்கும் நான்கு மோட்டார் பூட்டிய காரையும் அவர் செய்து கொடுத்தார். பற்றரியின் பாரம்தான் அந்தக் காரின் பெரிய தலையிடி. நூற்றியிருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்தத் தலையிடி முழுதாகத் தீரவில்லை.

சரி, ஸ்காபரோவுக்கு வருவோம். பிறிம்லி வீதி தெற்கே போய், ஏரிக்கரையில் உள்ள பிளஃபர்ஸ் பூங்காவுக்கு இறங்குகிற சரிவு பலருக்குத் தெரிந்திருக்கும். பனி விழுந்து, இன்னும் உப்புப் போடாத ஒரு காலையில் கீழேயிருந்து அந்தச் சரிவில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் காரின் பாரம் பின்னுக்குச் சாயும், முன்சில்லுகள் இலேசாகும். மின்சார மோட்டாரோ மிதித்த உடனே முழு இழுவையையும் கொடுக்கிற சாமான். முன்சில்லில் மட்டும் ஓடும் கார் அந்த இடத்தில் சில்லைச் சுற்றவிட்டுத் தடுமாறலாம். நான்கு சில்லுக் கார் ஏறிவிடும். போட்ட காசு இங்கே வேலை செய்கிறது.

இப்போது அதே சரிவில் மேலேயிருந்து இறங்குங்கள். இறங்கும்போது வேண்டியது இழுவை அல்ல, நிற்பாட்டுவதும் திருப்புவதும்தான். பிறேக் எல்லாக் காருக்கும் நான்கு சில்லிலும்தான் இருக்கிறது. ஓல் வீல் என்பதற்காக ஐந்தாவது பிறேக் ஒன்றும் வரப்போவதில்லை. ஐஸில் காரை நிறுத்துவது ரயருக்கும் வீதிக்கும் இடையில் உள்ள, உள்ளங்கையளவான நான்கு தொடுகைகள் மட்டும்தான். இரண்டாவது மோட்டாரின் பாரம் சேர்ந்ததால் நிறுத்த வேண்டிய எடையும் கொஞ்சம் கூடித்தான் இருக்கும்.

என் மனதில் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. முன்சில்லுக் கார் சிக்னலில் இருந்து கிளம்பும்போதே சில்லு சுற்றும், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுங்கும். 'வீதி சரியில்லை, கவனம்' என்று கார் உங்களுக்குச் சொல்லிவிடுகிறது. ஓல் வீல் கார் வழுக்கலை மறைத்து, ஒன்றுமே நடவாதது போல வடிவாகக் கிளம்பிப் போகும். வீதி எப்படி இருக்கிறதென்று அடுத்த சிவப்பு விளக்கில் பிறேக்கை மிதிக்கும்போதுதான் ஓட்டுபவருக்கு விளங்கும். அது பிந்திய இடம்.

ஆகவே என்னைக் கேட்டால் முதல் காசு ரயருக்கு. ஓல் சீசன் ரயரின் ரப்பர் ஏழு பாகை செல்சியஸுக்குக் கீழே போனால், குளிரில் போத்தலுக்குள் கட்டியாகிப் போகும் தேங்காய் எண்ணெயைப் போல இறுகத் தொடங்கும். வின்ரர் ரயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் நெகிழ்வாக இருக்கும்படி செய்யப்பட்டது. ரயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் வரைந்திருந்தால், அது கடும் பனிக்கான சோதனையில் தேறியது என்று அர்த்தம். எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அந்தச் சோதனையை அது எழுதவேயில்லை.

கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 ஜனவரி முதல், வின்ரர் ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். கேட்காவிட்டால் தானாக வராது, போன் எடுத்துச் சொல்லுங்கள். செலவைக் குறைக்கிறோம் என்று இரண்டு ரயரை மட்டும் வாங்கி முன்னால் போடுகிற ஆட்களும் உண்டு. தயவுசெய்து அது வேண்டாம். முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் பிடியில்லாமல் கார் வளைவில் அப்படியே சுழன்றுவிடும்.

இனி ஓல் வீலுக்குக் கொடுக்கும் இன்னொரு விலை. ரொயோட்டா பீஸீ4எக்ஸ் காரின் 2023ஆம் ஆண்டு மொடலை எடுப்போம். முன்சில்லுக் காரின் ஓட்டத் தூரம் 406 கிலோமீற்றர், நான்கு சில்லுக் காரின் தூரம் 367. இத்தனைக்கும் இரண்டாவதில் பற்றரி சற்றுப் பெரியது. வேறு பற்றரி என்பதால் அது விரைவு மின்னேற்றத்திலும் பின்தங்கியது: முன்சில்லுக் கார் 150 கிலோவாட் வரை வாங்கும், மற்றது 100 தான். கடையில் இதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். எல்லாக் காரும் இப்படியல்ல. செவ்ரோலே ஈக்வினொக்ஸ் ஈவியின் 2025 மொடலில் 513க்கு 494, வித்தியாசம் 19 கிலோமீற்றர் மட்டும். ஹியுண்டாய் ஐயோனிக் 5 போன்ற சில கார்கள், தேவையில்லாத நேரத்தில் முன் மோட்டாரைச் சில்லிலிருந்து கழற்றிவிட்டு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். உண்மையைச் சொன்னால், கடும் குளிர் நாளில் காருக்குள் சூடேற்றவும் பற்றரியைச் சூடாக வைத்திருக்கவும் போகிற மின்சாரம் இதையெல்லாம் விழுங்கிவிடும். தூரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் காரில் குறைந்த மின்சாரத்தில் சூடேற்றும் ஹீற் பம்ப் இருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும்.

ஓல் வீலின் பக்கம் இன்னொரு நியாயமும் இருக்கிறது. மின்சாரக் காரில் மிதியிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் பின்னிழுத்து வேகத்தைக் குறைக்கும், அந்தச் சக்தி பற்றரிக்குத் திரும்பப் போகும். ஒற்றை மோட்டார்க் காரில் அந்த இழுப்பு முழுவதும் இரண்டு சில்லில் விழும். ஐஸில் முன்சில்லு அப்படி இறுகினால் ஸ்ரியரிங் சொல்வழி கேளாது. ஒற்றை மோட்டார் என்றாலே முன்சில்லு என்றும் நினைக்க வேண்டாம். நிசான் லீஃப் முன்சில்லில் ஓடும், ரெஸ்லாவின் ஒற்றை மோட்டார்க் கார்கள் பின்சில்லில் ஓடும். பின்சில்லில் அந்த இழுப்பு விழுந்தால், ஓடும் காரில் ஹான்ட் பிறேக்கை இலேசாக இழுத்த கதைதான். இரண்டு மோட்டார் இருந்தால் இழுப்பு முன்னும் பின்னுமாகப் பகிரப்படும். ஒற்றை மோட்டார்க்காரர்கள் பனி நாளில் இந்த இழுப்பைக் குறைந்த அளவில் வைக்கட்டும். பல கார்களில் அதற்குப் பொத்தானோ திரையில் ஒரு தெரிவோ இருக்கும்.

அப்படியானால் யாருக்கு எது? ஹியூரன் ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் கடந்து வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து பாரி, ஒரிலியா பக்கம் கொட்டும். அங்கே குடியிருந்து விடிய முன்னர் 400ஆம் நெடுஞ்சாலையில் வேலைக்கு இறங்குகிறவர், வீட்டு ஓடுபாதை செங்குத்தாக உள்ளவர், பனி வாரும் வண்டி கடைசியாக வந்துபோகும் கிராமத்து வீதியில் இருப்பவர், இவர்கள் ஓல் வீலை எடுக்கட்டும், வின்ரர் ரயரோடு. ரொறன்ரோவுக்குள்ளேயும் மார்க்கத்திலும் உப்புப் போட்டு வாரின வீதியில் வேலைக்கும் கோயிலுக்கும் தமிழ்க் கடைக்கும் போய்வருகிறவருக்கு, முன்சில்லும் நான்கு நல்ல வின்ரர் ரயரும் தாராளமாகக் காணும். மிச்சக் காசில் வீட்டில் சார்ஜர் பூட்டலாம்.

எதை எடுத்தாலும் மின்சாரக் கார் பாரமானது. ரயர் வாங்கும்போது பாரம் தாங்கும் குறியீட்டைக் காரின் கைநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரயரின் பள்ளம் நான்கு மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் அதைப் பனியில் ஓட்ட வேண்டாம். ரயர் மாற்ற ஒக்டோபரிலேயே நேரம் பதிந்துவிடுங்கள், நவம்பரில் முதல் பனி விழுந்தால் கடைகளில் இடம் கிடையாது. மாற்றி நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை திரும்ப இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.