வெட்டின காசு எங்கே நிற்கிறது?

(மீளக்குடியேறிய குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில், சம்பூரில் ஆற்றிய பேச்சு)

  காணி, வீடு, கிணறு பற்றிப் பேசிக் களைத்துப்போய் இருப்பீர்கள். இன்றைக்கு வேறொரு சொத்தைப் பற்றிக் கதைப்போம். அதற்கு வேலி இல்லை. அதனால் பலருக்கு அது நினைவிலும் இல்லை.

2006 ஏப்ரலில் ஊரை விட்டு ஓடும்போது உங்களில் சிலர் திருகோணமலையில் ஆலையிலோ கடையிலோ கொம்பனியிலோ வேலை செய்துகொண்டிருந்தீர்கள். சம்பளத்தில் மாதாமாதம் ஒரு தொகை வெட்டினார்கள். அது வரி என்று சிலர் இன்னும் நினைக்கிறார்கள். வரி இல்லை. அது ஊழியர் சேமலாப நிதி, இ.பி.எஃப். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பெயரில் போன சேமிப்பு. நீங்கள் 8%, முதலாளி 12%.

கணக்கைப் பாருங்கள். சம்பளம் 8,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 640, முதலாளியின் பங்கு 960, மாதம் 1,600. ஐந்து வருடம் வேலை செய்திருந்தால் வட்டி இல்லாமலே 96,000. நீங்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாமில் இருந்த காலத்திலும் அதற்கு வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. வட்டி 2.5%க்குக் குறையக் கூடாது என்பது சட்டம். 2014இல் கொடுத்தது 10.5%. வேலை நின்றதால் கணக்கு அழிவதில்லை.

சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். நம்முடைய பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். அடையாள அட்டையில் ஒன்று, கொம்பனிப் பதிவில் இன்னொன்று. இடம் மாறி வேலை செய்தவர்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வோர் அங்கத்துவ இலக்கம். இவற்றை ஒரே அடையாள அட்டை இலக்கத்தின் கீழ் சேர்க்கலாம். பெயர் வித்தியாசத்துக்குச் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி எடுக்க வேண்டி வரும். திருகோணமலையிலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது பழைய சம்பளச் சீட்டு, பி அட்டை, நியமனக் கடிதம், எது மிஞ்சியிருக்கிறதோ அதைக் கொண்டுபோங்கள். எல்லாம் எரிந்துபோனவர்களும் போங்கள். வேலை செய்த இடத்தின் பெயரும் ஆண்டும் சொன்னால் தேடத் தொடங்கலாம்.

கணக்கில் குறைவது மட்டுமல்ல, கூடுவதும் உண்டு. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இருவர் வேலை செய்திருந்தால் ஒருவர் காசு மற்றவர் கணக்கில் விழலாம். உங்கள் கணக்கில் நீங்கள் வேலை செய்யாத மாதங்களுக்கும் காசு நின்றால், அதை அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது அரசாங்கத்தின் காசல்ல. கட்டைபறிச்சானிலோ மூதூரிலோ கணக்குக் குறைந்து நிற்கிற இன்னொருவரின் காசாக இருக்கலாம்.

இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஓவர்டைம் காசுக்கு இ.பி.எஃப் வெட்டத் தேவையில்லை, வெட்டியிருந்தால் கேளுங்கள். முதலாளியின் 12%ஐயும் உங்கள் சம்பளத்திலிருந்தே எடுத்து மொத்தம் 20% வெட்டுகிற இடங்களும் உண்டு. அது சட்டவிரோதம். தற்காலிகம், நாட்கூலி என்று சொல்லிக் கட்டாமல் விடுவதும் அப்படித்தான். முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. முறைப்பாட்டையும் தொழில் அலுவலகமே எடுக்கும்.

எப்போது எடுக்கலாம்? ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50, கே படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். திருமணத்தை முன்னிட்டு வேலையை விட்ட பெண்கள் முன்னரே எடுக்கலாம், அதற்குக் காலக்கெடு உண்டு. வீடு கட்ட 30% எடுக்கும் திட்டம் 2015இல் வந்தது. ஆனால் பத்து வருடப் பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 3 இலட்சமும் வேண்டும். 2006இல் வேலை அறுந்தவர்களில் பலருக்கு இது எட்டாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், வீணாக அலைய வேண்டாம்.

அவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஈ.டி.எஃப், ஊழியர் நம்பிக்கை நிதி. முதலாளி மட்டும் 3% கட்டுவது. வேலையை விட்டாலே, வயது பார்க்காமல் கேட்கலாம். இது வேறு சபை, வேறு விண்ணப்பம். பலர் இரண்டும் ஒன்று என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள்.

கணவரோ மகனோ இறந்திருந்தால், நியமிக்கப்பட்டவருக்கோ சட்டப்படியான உரித்தாளிக்கோ காசு வரும். காணாமற்போனவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு சொல். மரணச் சான்றிதழ் எடுப்பதா இல்லையா என்பது உங்கள் முடிவு. இந்தக் காசுக்காக உங்களை அவசரப்படுத்த யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். ஆள் காணாமற்போயிருப்பதைக் காட்டும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்திருக்கிறது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று முதலில் கேட்டறியுங்கள். காசு கணக்கிலேயே இருக்கும்.

படிவங்களுக்குக் காசு இல்லை. "நான் எடுத்துத் தருகிறேன், பாதி தா" என்று வருபவரிடம் அடையாள அட்டையைக் கொடுக்க வேண்டாம். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் பெயரைத் தாருங்கள், சேர்ந்து ஒரே நாளில் போவோம். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.