தேர்ந்தெடுப்பவர் யார்?



டிராம்பே என்றதும் மும்பைத் தமிழர்க்கு அணு உலை நினைவுக்கு வரும்; நிலக்கடலை நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், உயிர்கள் எவ்வாறு மாறிவந்தன என்பதை விளங்கிக்கொள்ள அக்கடலை ஓர் எளிய பாடமாகும்.

1950-களின் பிற்பகுதியில், அங்குள்ள அணுசக்தி நிலையத்து விஞ்ஞானிகள் கடலை விதைகள்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தினர். அதனால் மரபுக் கூறுகளில் திடீர் மாற்றங்கள் தோன்றின. பருப்பைப் பெரிதாக்கவேண்டும் என்னும் நோக்கம் கதிருக்கு இல்லை. நன்மை தீமை பாராமல் அது மாற்றங்களை விளைத்தது. அவற்றுள் பெரும்பாலானவை பயனற்றவை. பருத்த பருப்பைத் தந்த செடியை இனங்கண்டு, அதன் விதையையே மீண்டும் மீண்டும் விதைத்துப் பெருக்கியவர் மனிதர். இவ்வாறு உருவான டி.ஜி.-1 என்னும் ரகம் 1973-இல் ‘விக்ரம்’ என்ற பெயருடன் உழவர்களுக்கு வழங்கப்பட்டது.

இனி, டிராம்பேயை அடுத்துள்ள தாணே கழிமுகத்தைப் பாருங்கள். பிச்சாவரத்தில் காணும் அதே வெண்கண்டல் மரம் இங்கும் செழித்து நிற்கிறது. காற்றுப் புகாத சேற்றிலிருந்து அதன் வேர்கள் மேலெழுந்து சுவாசிக்கின்றன. இலைகள் மிகுதியான உப்பை வெளியேற்றுகின்றன. சேற்றில் வாழ வேண்டியிருந்ததால் மரம் தன்னை மாற்றிக்கொண்டது என்று சொல்லத் தோன்றும். அது பிழை. அதன் முன்னோர்ச் செடிகளிடையே இயல்பாகவே சிறு சிறு வேறுபாடுகள் இருந்தன. உப்பையும் சேற்றையும் சற்றே கூடுதலாகத் தாங்கியவை மிகுதியான சந்ததியை விட்டுச் சென்றன, தாங்காதவை அருகின. எண்ணற்ற தலைமுறைகளாக இது தொடர்ந்ததன் பயனே இன்றைய மரம். இங்கே தேர்ந்தெடுத்தவர் எவருமில்லை, சூழ்நிலையே சல்லடையாயிற்று. புறா வளர்ப்போர் செய்யும் தேர்வை எடுத்துக்காட்டி, இதனையே டார்வின் 1859-இல் வெளியிட்ட தம் நூலில் இயற்கைத் தேர்வு என விளக்கினார்.

மூன்றாவது தேர்வும் ஒன்றுண்டு. அதை நாம் அறியாமலே செய்கிறோம். காசநோயாளியின் நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கக்கூடும். அவற்றுள் சில, மருந்தைக் காணுமுன்பே, தற்செயலான மாற்றத்தால் ஏதேனும் ஒரு மருந்துக்கு மசியாதவையாக இருக்கும். ஆதலால்தான் மருத்துவர் பல மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார். ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றொன்றால் மடியும். இருமல் தணிந்ததென்று பாதியில் நிறுத்தினாலோ, விட்டுவிட்டு உண்டாலோ, எளிதில் சாகும் கிருமிகள் சாக, மருந்தைத் தாங்கும் கிருமிகள் எஞ்சிப் பெருகும். பின்பு வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் பரவுவது அக்கிருமியே. மருந்து அதற்குப் புதிய வலிமை எதையும் கற்பிக்கவில்லை. முன்பே இருந்ததைப் பொறுக்கியெடுத்தது, அவ்வளவே.

வேறுபாடு தோன்றுவது தற்செயல். எது நிலைப்பது என்பதைத் தீர்ப்பது தேர்வு. டிராம்பே வயலில் மனிதர் நல்ல விதையைப் பொறுக்கினர். நெருங்கி வாழும் நகரத்து வீடுகளில், நம் கவனக்குறைவால் தீய விதையைப் பொறுக்காதிருப்போமாக.