அவசர சிகிச்சைப் பிரிவில் எங்கள் காலம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் என்று சொல்வது மூன்று பேரை. 1995 இடப்பெயர்வுக்கு அடுத்து வந்த ஆண்டுகளில் இந்தக் கல்லூரியில் ஒரே வகுப்பில் உயர்தரம் படித்தவர்கள். மூவரும் வைத்தியர்களாகி, மூவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே அவசர மருத்துவத்துக்குப் போனோம். இன்று இருவர் இங்கிலாந்திலும் ஒருவர் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் நிபுணர்களாகக் கடமையாற்றுகிறோம். விடுமுறை ஒருவருக்குத்தான் கிடைத்தது. மற்ற இருவரும் எழுதி அனுப்பியதையும் சேர்த்தே இங்கே வாசிக்கிறோம். "வெளிநாட்டில் பெரிய டொக்டராக இருக்கிறது எப்பிடி எண்டு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ" என்று செயலாளர் அக்கா கேட்டிருந்தார்.

பெரிய டொக்டர் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். நாங்கள் மருத்துவபீடத்தில் படித்தபோது அவசர மருத்துவம் என்று ஒரு தனித்துறை இலங்கையில் இருக்கவில்லை. வாசலில் ஒரு அறை, அதில் ஒரு இளம் வைத்தியர், அவருக்குத் தெரியாததை மேலே விடுதிக்கு அனுப்புவார். அவ்வளவுதான். இங்கிலாந்திலும் நீண்டகாலம் அதுதான் நிலைமை. லீட்ஸ் நகரில் மோரிஸ் எலிஸ் என்பவர் 1952இல் அந்தப் பிரிவுக்கென்றே நிபுணராக நியமிக்கப்பட்டார். அத்துறையினருக்கு ஒரு சங்கம் அமைய 1967 ஆயிற்று. அவுஸ்திரேலியாவில் இத்துறைக்கான கல்லூரி 1984இல் வந்தது. தனித்துறையாக அரசு ஏற்றது 1993இல். எங்கள் நாட்டில் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனம் இதற்கென எம்.டி. படிப்பைத் தொடங்கியது மிக அண்மையில். ஆகவே, தங்கைமாரே, இது வயதில் இளைய துறை. இருதய நோய் நிபுணருக்கு இருக்கும் மரியாதை எங்களுக்கு இன்னும் கல்யாண வீட்டில் கிடைப்பதில்லை. "எந்த உறுப்புக்கு நீங்கள் ஸ்பெஷலிஸ்ட்?" என்று கேட்பார்கள். முதல் ஒரு மணித்தியாலத்துக்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

அங்கே போனவுடன் யாரும் எங்களைப் பெரிய டொக்டர் ஆக்கிவிடவில்லை. இங்கே ஒரு ஆதார வைத்தியசாலையில் இரவு முழுவதும் தனியாக நின்று சமாளித்தவர்கள், அங்கே மீண்டும் பரீட்சை எழுதி, இரண்டு படி கீழே இருந்து தொடங்கினோம். ஆங்கிலம் தெரியும் என்று நினைத்துத்தான் போனோம். நோயாளரின் ஆங்கிலம் வேறு. எங்கள் ஊரில் வயிற்றுக்குத்து என்றாலும் "ஐயோ சாகப்போறன்" என்பார்கள். வடக்கு இங்கிலாந்தின் முதிய கமக்காரர் ஒருவர் சாம்பல் நிற முகத்தோடு, வேர்த்து ஒழுக, "அவ்வளவு மோசமில்லை, பிள்ளை" என்பார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் பெரிய மாரடைப்பு. உங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னிக்கவும் என்று கிழவர் சொன்னால், நாங்கள் இப்போதெல்லாம் நடையை விரைவுபடுத்துவோம்.

இனி, மூத்தவராக இருப்பது. இங்கிலாந்தின் பெரிய அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஒவ்வொரு கடமை நேரத்துக்கும் ஒரு வைத்தியர் முழுப் பிரிவுக்கும் பொறுப்பாக இருப்பார். அன்று அவர் நோயாளரைத் தொடுவது குறைவு. கணினித் திரையில் வரிசையாகப் பெயர்கள். யார் காத்திருக்கிறார்கள், யாருக்குக் குருதி அழுத்தம் இறங்குகிறது, எந்த அம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது, எந்த இளம் வைத்தியர் சாப்பிடாமல் நிற்கிறார், எல்லாம் அவர் தலையில். உயிர்காப்பு அறையில் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கும். அதற்கு மூன்று பேர் இருப்பார்கள். யாரை உள்ளே எடுப்பது என்று முப்பது செக்கனில் சொல்ல வேண்டும். படித்த மருந்தியலும் உடற்கூற்றியலும் அந்த முப்பது செக்கனுக்குப் பெரிதாக உதவுவதில்லை.

வசதியுள்ள நாட்டில் ஏன் இடமில்லை என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் 2004இலிருந்து ஒரு விதி: வருபவர்களில் 98 வீதமானோர் நான்கு மணித்தியாலத்துக்குள் பார்க்கப்பட்டு வீட்டுக்கோ விடுதிக்கோ போய்விட வேண்டும். 2010இல் அதை 95 வீதமாகக் குறைத்தார்கள். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 2015 ஜூலைக்குப் பிறகு அந்த அளவு ஒரு மாதமும் எட்டப்படவில்லை. காரணம் வாசலில் இல்லை, பின்கதவில் இருக்கிறது. மேலே விடுதியில் சுகமான முதியவர் படுத்திருப்பார். அவரை வீட்டில் கவனிக்க ஆள் இல்லாததால் அனுப்ப முடியாது. அவர் போகாமல் கட்டில் வராது. கட்டில் வராமல் எங்கள் நோயாளர் ட்ரொலியிலேயே, சில நாட்களில் நடைவழியிலேயே கிடப்பார். எண்பத்தைந்து வயது அம்மா ஒருவர் நடைவழியில், திரைச்சீலை இல்லாமல், சிறுநீர்ச் சட்டி கேட்கத் தயங்கிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு கடந்து போவதுதான் இந்த வேலையில் எங்களை மிகவும் களைக்கச் செய்வது. இரத்தமும் விபத்தும் அல்ல. அதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் உங்களுக்குச் சொல்வது விளம்பரம் ஆகிவிடும்.

அங்கே நாங்கள் கற்றதில் ஒன்றை மட்டும் சொல்கிறோம். இங்கே பெரியவரின் சொல்லை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே பயிற்சி முடித்து ஒரு வருடமே ஆன தாதி எங்களைப் பெயர் சொல்லி அழைத்து, "நில்லுங்கள், இவருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது" என்று எல்லோர் முன்னும் சொல்வார். முதல் தடவை காது சூடானது உண்மை. பிறகு விளங்கியது: எங்களைத் தடுக்கத் துணிவுள்ள ஒருவர் அறையில் இருந்தால்தான் நோயாளருக்குப் பாதுகாப்பு. இப்போது இளையவர்களிடம் கடமை தொடங்கும்போதே சொல்கிறோம், ஏதாவது பிழையாகப் பட்டால் உரக்கச் சொல்லுங்கள் என்று. இரவு மூன்று மணிக்கு வீட்டுக்கு அழைப்பு வந்தால், "ஏன் எழுப்பினாய்?" என்று எங்களில் எவரும் கேட்பதில்லை. அப்படி ஒரு முறை கேட்டால் அடுத்த முறை அந்தப் பிள்ளை எடுக்கமாட்டாள். சிகிச்சையில் தவறு நேர்ந்து தீங்கு ஏற்பட்டால் நோயாளரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று 2014இலிருந்து சட்டமே இருக்கிறது.

குயின்ஸ்லாந்தில் இருப்பவர் எழுதியது வேறு மாதிரி. அங்கே தூரம்தான் நோய். பறக்கும் வைத்தியர் சேவை 1928இல் தொடங்கியதே அந்த மாநிலத்தின் குளோன்கரி என்ற சிற்றூரிலிருந்து. இன்றும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு தாதி மட்டும் உள்ள நிலையத்திலிருந்து காணொளியில் அழைப்பு வரும். நோயாளரைத் தொடாமலே முடிவு சொல்ல வேண்டும். பாம்புக்கடியைப் பற்றி இவருக்கு எல்லாம் தெரியும் என்று அங்குள்ளவர்கள் நினைத்தார்களாம், இலங்கையர் ஆயிற்றே என்று. ஆனால் அங்கே கடிபட்ட காலையோ கையையோ முழுவதும் அகலமான பண்டேஜால் இறுக்கிச் சுற்றி, அசையாமல் மட்டை வைத்துக் கட்டுவார்கள். அந்நாட்டுப் பாம்புகளின் நஞ்சு நிணநீர் வழியே மெதுவாக ஏறுவதைத் தடுக்க அது உதவும். எங்கள் கண்ணாடிப் புடையன் கடித்தால் அப்படிக் கட்டச் சொல்வதில்லை; கடித்த இடத்துத் தசை பழுதாகும் என்ற பயம். இங்கே கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் குருதி எடுத்து, இருபது நிமிடம் அசையாமல் வைத்து, சரித்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் எதிர்நஞ்சு. இரண்டு நாட்டையும் குழப்பாமல் தலையில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு விடயத்தில் எங்கள் ஊர்ப் படிப்பு அங்கே உடனே கைகொடுத்தது. அவுஸ்திரேலிய ஆதிக்குடிச் சிறுவர்களிடையே வாதக் காய்ச்சலால் வரும் இருதய நோய் இன்னும் இருக்கிறது. நகரத்தில் படித்த இளம் வைத்தியர்கள் அதைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்கள். யாழ்ப்பாணத்தில் விடுதி விடுதியாக ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்ட காது, மூச்சு வாங்கி வந்த ஒரு சிறுமியின் நெஞ்சில் அந்தச் சத்தத்தை முதல் தடவையிலேயே பிடித்தது.

தமிழும் கைகொடுக்கிறது. இங்கிலாந்து வைத்தியசாலைகளில் மொழி தெரியாத நோயாளருக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ஒருநாள் எங்கள் ஊர் அம்மா ஒருவர் "நாரி உளையுது" என்றார். மறுமுனையில் இருந்தவர் தமிழகத்தவர். நாரி என்றால் பெண் அல்லவா, எந்தப் பெண்ணுக்கு என்ன என்று திகைத்துப் போனார். எங்களில் ஒருவர் அந்தப் பக்கமாகப் போனதால் இடுப்பு வலி இடுப்பு வலியாகவே பதிவாயிற்று. அம்மா பிறகு விசாரித்தது, "பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்?" சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவரும் இந்தக் கல்லூரிதான்.

இனிச் சொல்லச் சற்றுக் கடினமானது. எங்களில் ஒருவர் இரவுக் கடமையில் நின்றபோது வீட்டிலிருந்து தங்கையின் அழைப்பு. அங்கே இரவு பதினொன்று, இங்கே விடியற்காலை நாலரை. அப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணி, வலக்கை தூக்க முடியவில்லை. பாரிசவாதம் என்று கேட்டவுடனேயே தெரியும். கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு நாலரை மணித்தியாலம்தான் இருக்கிறது, அதனால் முதற் கேள்வி, "கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாய் இருந்தவர்?" இரண்டாவது, "1990க்கு எடுத்தாச்சா?" அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி 2018இல்தான் வடக்குக்கு வந்தது. நல்லவேளை, வந்திருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு அடுத்த நோயாளரிடம் போக வேண்டியிருந்தது. அவரும் யாரோ ஒருவரின் அப்பாதான். எங்கள் அப்பாவைத் தூக்கிச் சென்றது முகம் தெரியாத இரண்டு இளைஞர்கள். அப்பா இப்போது நடக்கிறார். கையெழுத்து மட்டும் மாறிவிட்டது.

அப்படியானால் நீங்கள் போகலாமா, போகக் கூடாதா? இதில் எங்கள் மூவருக்கும் ஒத்த கருத்து இல்லை, அதை ஒளிக்கவும் விரும்பவில்லை. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இலிருந்து எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டு வந்தது. ஒரு சதம் கட்டாமல் வைத்தியர் ஆனோம். அது கடன் என்கிறார் ஒருவர். ஐம்பது வயதில் திரும்பி வர ஆயத்தம் செய்கிறார். கடன் என்று பிள்ளைகளின் கழுத்தில் கட்டக் கூடாது, நல்ல சம்பளமும் மரியாதையும் இருந்தால் அவர்களே நிற்பார்கள் என்கிறார் மற்றவர். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் புறப்பட்டார்கள். பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்றுவிட்டுக் கடமைக்குப் போனவர்களிடம் இங்கிருந்துகொண்டு தியாகம் பேச எங்களுக்கு உரிமை இல்லை. மூன்றாமவர் சொல்வது இதுதான்: இத்துறையில் எம்.டி. படிப்பவர்கள் கட்டாயமாக வெளிநாட்டில் ஒரு காலம் பயிற்சி பெற வேண்டும். போங்கள், ஆனால் எதற்காகத் திரும்புவீர்கள் என்பதைப் புறப்படும் முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூவரும் ஒத்துக்கொள்வது ஒன்று. வெளிநாட்டுப் பழைய மாணவிகள் கேட்காமல் இயந்திரம் அனுப்புவதை நிறுத்த வேண்டும். திருத்த ஆளில்லாமல் துணி போர்த்திக் கிடக்கும் ஸ்கேன் இயந்திரத்தால் யாருக்கும் பயனில்லை.

அதற்குப் பதிலாக இந்த நூற்றாண்டில் ஒரு சிறிய வேலையைச் சங்கத்திடம் முன்வைக்கிறோம். திடீரென இருதயம் நின்று ஒருவர் விழுந்தால், நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 வீதம் குறைகிறது. நாங்கள் எவ்வளவு படித்திருந்தாலும் அந்த நிமிடங்களில் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. இங்கே வழக்கம், ஆளைத் தூக்கி ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஓடுவது. ஓட்டோவின் பின் சீற்றில் நெஞ்சை அழுத்த முடியாது. நிலத்தில் கிடத்தி, 1990க்கு எடுத்து, நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். இங்கிலாந்தில் 2020இலிருந்து அரச இடைநிலைப் பாடசாலைகளில் இது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் தரம் 10 பிள்ளைகளாலும் முடியும்.

நான்கு பயிற்சிப் பொம்மைகளைக் கொண்டு வந்திருக்கிறோம். கேட்டுத்தான் கொண்டு வந்தோம். அவை அதிபர் அவர்களின் அலுவலகத்தில் இருக்கின்றன. முதல் வகுப்பு வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இதே மண்டபத்தில். முழங்காலில் நிற்க வேண்டும், ஆகவே விளையாட்டு உடையுடன் வாருங்கள். பெயரை விளையாட்டுக்குப் பொறுப்பான ரீச்சரிடம் கொடுக்கலாம். அக்காமாரும் வரலாம். நிலத்தில் இருக்க முடியாதவர்கள் கதிரையில் இருந்து 1990க்கு எடுத்து, விலாசத்தைத் தெளிவாகச் சொல்லப் பழகலாம். எங்கள் ஒழுங்கைகளுக்கு வழி சொல்வது நெஞ்சை அழுத்துவதை விடக் கடினம்.